டேங்க் நின்ற இடம்

என் அக்காவுக்குத் தராசு என்று பெயர் வைத்தவன் நான்தான். சின்ன வயதில் ஒரு பிஸ்கட் கிடைத்தால் அதை இரண்டாக உடைத்து, இரண்டு துண்டையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். எது பெரிதோ அதில் கொஞ்சம் கடிப்பாள். இப்போது மற்றது பெரிதாகத் தெரியும், அதிலும் கொஞ்சம் கடிப்பாள். இரண்டும் சமமாகி என் கைக்கு வரும்போது எறும்புக்குப் போடுகிற அளவுதான் மிஞ்சும். அந்தக் கடுப்பில் வைத்த பெயர். பிறகு அவள் மீன் இறங்கும் கொட்டகையில் நிஜமாகவே தராசுக்குப் பின்னால் போய் நின்றாள். ஊரே தராசக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பெயர் வைத்ததற்கு இதுவரை எனக்கு ஒரு டீ கூட யாரும் வாங்கித் தரவில்லை.

நான் வெல்டர். கடலுக்குப் போகிற ஊரில் பிறந்தும் படகில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் படகுக்குக் கம்பியும் தகடும் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கரையில் இருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. எல்லாவற்றையும் வேடிக்கை பார்க்கலாம், எல்லோரையும் குறை சொல்லலாம். அந்த வசதி எனக்கு ஒரே காலையில் போன கதைதான் இது.

கடல் வற்றிவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் பரிதாபமாகப் பேசுவார்கள். கடல் எங்கே வற்றியது? தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது, மீனைத்தான் காணோம். தூரத்தில் பெரிய கப்பல்கள் வந்து அள்ளின, அது உண்மை. ஆனால் எங்கள் வலைகளின் கண்ணியும் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே வந்தது. கட்டைவிரல் நுழைந்த கண்ணியில் கடைசியில் பென்சில்கூட நுழையவில்லை. குற்றம் சொல்ல வெளியே ஆள் இருந்ததால் எங்கள் பங்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஊர் மாறியதை நான் கிண்ணத்தில்தான் பார்த்தேன். படகு வந்த வீட்டிலிருந்து படகில்லாத வீட்டுக்கு ஒரு கிண்ணத்தில் மீன் போகும், அது யாரும் போட்ட சட்டம் இல்லை. முதலில் கிண்ணம் சிறிதாயிற்று. பிறகு நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கப் பழகினார்கள். மூன்று ஐஸ் பேக்டரிகளில் இரண்டு மூடின. கடைசியில் நாங்களே பஸ் ஏறிப் போய் டவுனில் டப்பா மீன் வாங்கித் தின்ன ஆரம்பித்தோம். ஒருநாள் அந்தக் கடையில் நானும் எங்கள் மீனவர் சங்கத் தலைவரும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டோம். அவர் கூடையில் வெங்காயத்துக்கு அடியில் டப்பா. என் பையில் சோப்புக்கு அடியில் டப்பா. மழை வருமா என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் பிரிந்தோம்.

அந்தத் தலைவர் என் மச்சானுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, கூடப் பிறந்த அண்ணன். ஒரே படகில் போன இரண்டு பேரும் மீன் குறையக் குறையச் சண்டை போட்டார்கள். கூடை நிறைய வந்தபோது பங்கு பிரிப்பதில் ஒரு மீன் முன்னே பின்னே போனால் யார் பார்த்தார்கள்? கூடையின் அடி தெரிந்த பிறகு ஒவ்வொரு மீனுக்கும் பேச்சு வளர்ந்தது. ஆளுக்கொரு படகாகப் பிரிந்து ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் "அவர்கிட்ட சொல்லுங்க" என்று மூன்றாவது ஆள் வழியாகத்தான் பேசுவார்கள். பெரும்பாலும் அந்த மூன்றாவது ஆள் நான்.

பிரிந்த கையோடு மச்சான் கப்பல் வேலைக்குப் போனார். எந்தக் கப்பல்கள் எங்கள் கடலை அள்ளினவோ அதே மாதிரி ஒரு கப்பல். நாலு வருஷம். போகும்போது மகளுக்கு மூன்று வயது. திரும்பி வந்து வாசலில் பையோடு நின்றபோது அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, யாரோ ஒரு அங்கிள் வந்திருக்காரு" என்றாள். அக்கா அங்கே சிரித்துச் சமாளித்துவிட்டாள். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் புருஷனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள், அரை வயிறு சாப்பிட்டாலும் சேர்ந்துதான் சாப்பிடுவோம், இனி கப்பல் பேச்சே வேண்டாம் என்று. அவரும் அந்தப் பையைப் பீரோ மேலே தூக்கிப் போட்டார். ஆனால் கப்பலுக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட் விடவில்லை. மாதத்துக்கு ஒரு முறை போன் செய்து, எப்போது வந்தாலும் இடம் இருக்கிறது என்பான்.

ஊர் இன்றைக்கு ஏதோ ஊராக இருக்கிறது என்றால் அதற்கு மச்சான் கப்பலில் கண்டது காரணம். ஒரு வலையில் எங்கள் ஊர் ஒரு வருஷம் பிடிப்பதைப் பார்த்தாராம். அதே இடத்துக்கு மறுவருஷம் போனபோது வெறும் வலை வந்ததாம். திரும்பி வந்ததும் வீடு வீடாக ஏறி இறங்கினார். கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் திட்டை எங்கள் ஆட்கள் பார் என்பார்கள். மீன் குஞ்சு பொரித்து வளர்கிற இடம் அது. எங்கள் பாரை மூன்று வருஷம் யாரும் தொடக்கூடாது என்பது அவர் பேச்சு. கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? கப்பலில் சம்பாதித்துவிட்டு வந்து எங்களுக்குப் பட்டினி போடுகிறாயா என்றார்கள். ஒரு வீட்டில் தண்ணீரை அவர் காலடியில் கொட்டினார்கள். அடுத்த வாரமும் அதே வீட்டுக்குப் போனார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொண்டு போனார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏழு மாதத்தில் ஊர் சம்மதித்தது. தண்டனையும் அவரே சொன்னதுதான். யார் உள்ளே போய்ப் பிடித்தாலும் மீன் சங்கத்துக்கு, படகு ஆறு மாதம் கரையில். ஆளும் கரையில்தான், ஊரில் வேறு எந்தப் படகிலும் ஏறித் தொழிலுக்குப் போகக்கூடாது. மூன்று மாதம் போதும் என்று பலர் கெஞ்சினார்கள். யாராக இருந்தாலும் ஆறு மாதம் என்று ஒற்றைக்காலில் நின்றது அவர்தான்.

எல்லை எது என்ற கேள்வி வந்தது. இடம் காட்டும் ஜிபிஎஸ் பெட்டியை ஏறக்குறைய எல்லோரும் கஷ்ட காலத்தில் விற்றுவிட்டார்கள். அதனால் எல்லோர் கண்ணுக்கும் இலவசமாகத் தெரிகிற அடையாளத்தை வைத்தார்கள். ஊருக்குப் பின்னால் இருக்கிற மலை உச்சியில் பல் விழுந்த மாதிரி ஒரு பிளவு. கரையில் ஐஸ் பேக்டரியின் தண்ணீர் டேங்க், நாலு இரும்புக்கால் மேல், நடுவில் சிவப்புப் பட்டையோடு. கடலிலிருந்து பார்க்கும்போது டேங்க் அந்தப் பிளவுக்கு நேரே வந்தால் அதுதான் கோடு. கோட்டுக்குத் தெற்கே சேற்றுத்தரை, அங்கே பிடிக்கலாம். வடக்கே பார், அங்கே போகக்கூடாது. தாத்தா காலத்திலிருந்து கடலில் வழி கண்டுபிடித்ததே இப்படித்தான். இரண்டேகால் வருஷம் ஒருவரும் தாண்டவில்லை. பசித்த வயிறுகள் ஒரு சிவப்புப் பட்டைக்குக் கட்டுப்பட்டு நின்றதை நினைத்தால், வாய் துடுக்கான எனக்கே இந்த ஊர்க்காரர்கள் மேல் மரியாதை வரும்.

இதற்கிடையில் மிச்சமிருந்த ஐஸ் பேக்டரியும் மூடியது. கொட்டகையில் கழுவத் தண்ணீர் இல்லை, அந்த டேங்க் சும்மாதானே நிற்கிறது, கொண்டுவந்து வைத்தால் என்ன என்று அக்கா சங்கத்தில் கேட்டாள். எல்லோரும் சரி என்றார்கள். வேலை எனக்கு. இரும்புக்கால்களை வெட்டி, டேங்க்கை இறக்கி, முந்நூறு அடி வடக்கே கொட்டகைக்குப் பின்னால் மறுபடி நிறுத்தினேன். ஊரே கயிறு பிடித்து இழுத்தது. மச்சானும் இழுத்தார், அவர் அண்ணனும் இழுத்தார். நின்றதும் கை தட்டினார்கள். புது பெயிண்ட் வாங்கி அந்தச் சிவப்புப் பட்டையை இன்னும் பளிச்சென்று நானே அடித்தேன்.

இதற்குப் பிறகு நாற்பது நாள் எல்லாப் படகும் தெற்கே ஆழமில்லாத இடத்தில் இறாலுக்குப் போய்க்கொண்டிருந்தன. இறால் ஓய்ந்ததும் முதலில் கோட்டுப் பக்கம் போனவர் மச்சான்.

அன்று காலை பத்து மணிக்கு அவர் படகு வந்தபோது தண்ணீரில் அமுங்கி வந்தது. அப்படி அமுங்கிய படகைப் பார்த்து எத்தனை வருஷம்! சங்கரா மீன், முழங்கை நீளம், கூடை கூடையாக. கொட்டகையில் சத்தமே மாறிவிட்டது. காத்திருந்தது வீண்போகவில்லை, பாரில் பெருகி வெளியே வருகிறது என்று ஆளாளுக்கு மச்சானின் முதுகில் தட்டினார்கள். காலடியில் தண்ணீர் கொட்டிய வீட்டுக்காரர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நாளைக் காலையில் இருபது படகும் அதே இடத்துக்குப் போவது என்று அங்கேயே முடிவாயிற்று. மச்சான் முகத்தில் வெட்கமும் பெருமையும் கலந்து வழிந்தது. நான் இரும்புக் கதவு ஒன்றைச் சரிபார்க்க அங்கே போயிருந்தேன், வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தேன்.

முதல் கூடை தராசில் ஏறியது. அக்கா எடை சொல்லவில்லை. ஒரு மீனை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கத்தியை வாங்கி வயிற்றைக் கீறி, குடலை விரலால் பிரித்தாள். இன்னொன்றையும் கீறினாள். மூன்றாவதையும் கீறினாள். இருபது வருஷம் மீன் வயிற்றைப் பார்த்தவள் அவள். சேற்றுத்தரை மீன் என்றால் வயிற்றில் புழுவும் களிமண்ணும் இருக்கும். இவற்றில் இருந்தது நகத்தளவு சிவப்பு நண்டும் பாறைப் பாசியும்.

அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன். அவளுக்கு அந்த நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் ஆறு மாதம் கரையில். ஆறு மாதம் கரையில் என்றால் பீரோ மேலே இருக்கிற பை கீழே இறங்கும். வாயை மூடிக்கொண்டால் நாளைக்கு இருபது படகு போய், இரண்டேகால் வருஷத்தை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு வந்துவிடும். குடலை ஒரு கையால் தள்ளிவிட்டால் போதும், கீழே பூனைகள் காத்துக்கொண்டிருந்தன. ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. தள்ளிவிடு அக்கா என்று நான் மனதுக்குள் சொன்னேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

அவள் கூடையைத் தராசிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"இது பார்ல புடிச்ச மீன். நான் எடை போட மாட்டேன்."

மச்சான் சிரித்தார், ஏதோ விளையாடுகிறாள் என்று. பிறகு அவர் முகம் சிவந்தது. கோட்டைப் பார்த்துத்தான் வலை விட்டேன், என் மகள் மேல் ஆணை, டேங்க்கும் பிளவும் நேராக இருந்தன என்றார். அக்கா அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. நண்டைக் கையில் எடுத்துக் காட்டினாள். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. இதுவும் சொல்லாது. போய்ப் பாத்துட்டு வாங்க."

தலைவரின் படகில் மட்டும் ஜிபிஎஸ் பெட்டி இருந்தது, கோடு வகுத்த அன்றே அந்த இடத்தை அதில் குறித்தும் வைத்திருந்தார். உடனே கிளம்பினார்கள். என்னை எதற்கு ஏற்றினார்கள் என்று கேட்டால், அண்ணனும் தம்பியும் ஒரே படகில் போகிறார்களே, மூன்றாவது ஆள் வேண்டாமா?

கோடு இருக்கும் இடத்துக்குப் போகும் முன்பே நான் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தேன். மச்சான் கரையைக் கை நீட்டிக் காட்டி, நேராக இருக்கிறதா இல்லையா என்று அவர்கிட்ட கேளு என்றார். தலைவர் பார்த்தார். சந்தேகமே இல்லை, சிவப்புப் பட்டை பிளவுக்கு நேர் கீழே. ஆனால் பெட்டி வேறு சொன்னது. கோட்டுக்கு வடக்கே அரைக் கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம் என்றது. ஈயக்குண்டின் அடியில் கிரீஸ் தடவி இறக்கினார்கள். சேற்றுத்தரையாக இருந்தால் சேறு ஒட்டிக்கொண்டு வரும். பாறையில் இடித்த கீறலோடு சுத்தமாக வந்தது. இரண்டு பேரும் குண்டையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

வாயைத் துடைத்துக்கொண்டு நானும் கரையைப் பார்த்தேன். என் ஊரைக் கடலிலிருந்து நான் நிதானமாகப் பார்த்ததே அதுதான் முதல் தடவை. கொட்டகைக்குப் பின்னால் நாலு கால் மேல் நின்ற டேங்க் தெரிந்தது. நான் நிறுத்திய டேங்க். நான் அடித்த பெயிண்ட். கரையில் முந்நூறு அடி தள்ளினால், ஊரை ஒட்டிய மலையோடு சேர்த்துத் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குக் கடலில் அது அரைக் கிலோமீட்டராக விரியும். இதைச் சொல்லிக்கொடுக்கப் பெரிய படிப்பு வேண்டாம், அந்தப் படகில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். கரையில் நின்றபோது டேங்க் நகர்ந்ததை ஊரே பார்த்தது. கடலில் நின்றபோது அது நகரவே இல்லை என்று ஊரே நம்பியது. எங்கள் ஆட்களுக்குக் கரையில் இருக்கும் டேங்க் தண்ணீர்த் தொட்டி, கடலிலிருந்து பார்த்தால் அது வேறு ஒன்று. இரண்டையும் ஒன்றாக ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"நான்தான் மச்சான்," என்றேன். "நான்தான் கோட்டை நகர்த்திட்டேன்."

மத்தியானம் கொட்டகையிலேயே கூட்டம் கூடியது. உண்மை தெரிந்ததும் ஊருக்கே பெருமூச்சு வந்தது. தெரியாமல் நடந்ததுதானே, டேங்க் செய்த குற்றத்துக்கு மனிதனைத் தண்டிப்பார்களா, விட்டுவிடலாம் என்றார்கள். ஒருவர் இரண்டு பேர் இல்லை, எல்லோரும். கயிறு இழுத்த கைகள் எல்லாம் ஆளுக்கு ஒரு பங்கு குற்றத்தை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தன. தண்டனை வேண்டுமென்றால் எனக்குக் கொடுங்கள், என்னைக் கடலுக்கு அனுப்பாமல் இருங்கள் என்றேன். நல்ல தண்டனை என்று சிரித்தார்கள். தலைவர் தலையைக் குனிந்துகொண்டு, ஊர் விருப்பம் அதுவானால் எனக்கும் சம்மதம் என்றார். தம்பியை விட்டுவிட அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

அக்கா மட்டும் தராசுக்குப் பின்னாலிருந்து நகரவில்லை.

"தெரிஞ்சு புடிச்சாங்களா, தெரியாம புடிச்சாங்களான்னு மீனுக்குத் தெரியுமா?" என்றாள். "இன்னைக்கு டேங்க்குன்னு விட்டுருவோம். அடுத்த மாசம் ஒருத்தர் மலை தெரியல, மேகம்னு சொல்வாரு. அவரையும் விட்டுத்தான் ஆகணும். அப்புறம் ரெண்டேகால் வருஷம் நாம எதுக்கு டப்பா மீன் தின்னோம்?"

டப்பா மீன் என்று ஒருவர் ஊர் முன்னால் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. நானும் தலைவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம்.

மச்சான் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வருஷம் பிரிந்திருந்து மகளுக்கே அந்நியனாகத் திரும்பிய மனிதர். அந்த வாழ்க்கைக்குத் தன்னை மறுபடி அனுப்பக்கூடிய வார்த்தையைச் சொன்ன மனைவியை அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று நான் பயந்தேன். அவர் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கல்யாணம் ஆன புதிதில் பெண்டாட்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார், எனக்கே கூச்சமாகப் போயிற்று. பிறகு பக்கத்தில் இருந்தவர் பக்கம் திரும்பினார். என் வழியாக இல்லை, நேராக.

"அண்ணே, எழுதிக்கோ. என் படகு, ஆறு மாசம்."

தலைவர் நோட்டைத் திறந்தார். எழுதினார்.

மீன் சங்கத்துக்கு என்பது விதி. விற்க யாருக்கும் மனம் வரவில்லை, வீட்டுக்கு ஒன்று என்று பிரித்தார்கள். அக்காதான் பிரித்தாள், அந்தக் காலத்துப் பிஸ்கட்டைப் பிரித்த மாதிரி இரண்டு மீனைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து. இந்த முறை எதையும் கடிக்கவில்லை. அன்று சாயங்காலம் எல்லா வீட்டிலும் எங்கள் கடல் மீன் வெந்தது, கதவுகளும் திறந்தே இருந்தன. சாப்பிடுவது யாருடைய ஆறு மாதம் என்று எல்லோருக்கும் தெரியும். ருசியாகத்தான் இருந்தது. எனக்கு இரண்டாவது கவளம் இறங்கவில்லை.

மறுநாள் காலை பட்டறையைத் திறந்துகொண்டிருந்தேன். தெருமுனையில் மச்சான் வந்தார். தோளில் அந்தக் கப்பல் பை.

ஏஜென்டுக்கு அதற்குள் செய்தி போய்விட்டதா? விடைபெற்றுக்கொள்ள வருகிறார் என்று நினைத்தேன். என்ன சொல்வது? டேங்க்கை நகர்த்தியவன் நான், குடும்பத்தையும் சேர்த்து நகர்த்திவிட்டேன் என்றா? வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் பையைத் தரையில் வைத்து ஜிப்பைத் திறந்தார். கப்பலில் போட்ட நீலச் சட்டையும் கனத்த பூட்ஸும் வெளியே வந்தன. நிதானமாக உட்கார்ந்து பூட்ஸை மாட்டினார்.

"உங்கக்கா அனுப்பினா மாப்ள," என்றார். "கோட்டை நகர்த்தினவன்தான் ஆறு மாசம் சம்பளம் குடுக்கணுமாம். தராசு தீர்ப்பு. என்ன வேலை இருக்கு?"

அந்தத் தீர்ப்பை நான் அப்பீல் செய்யவில்லை. என் வருமானத்துக்கு அது பெரிய சுமைதான், வாயைக் கட்டித்தான் சமாளித்தேன். சந்தோஷத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை, அதனால் திட்டினேன். பூட்ஸோடு பட்டறைக்குள் வந்தால் தரை என்ன ஆவது என்று.

முதல் வேலை, டேங்க் முன்பு நின்ற அதே இடத்தில் உயரமாக ஒரு இரும்புக் கம்பம் நிறுத்துவது. டேங்க்கின் சிவப்புப் பட்டையை வெள்ளையடித்து மறைத்துவிட்டு, கம்பத்துக்கு அந்தச் சிவப்பை அடித்தோம். மச்சான் மாதிரி மோசமான எடுபிடியை நான் பார்த்ததில்லை. கடலில் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிற மனிதர், ஸ்பானர் கேட்டால் சுத்தியலைத் தருவார். தலைவர் படகில் போய்க் கோட்டில் நின்றுகொண்டு போன் செய்தார். கம்பத்தின் அடியில் நின்று மச்சான் பேசினார். இன்னும் ரெண்டடி தெற்கே என்பார் அண்ணன். ஓரடி போதும் என்பார் தம்பி. ஏழு வருஷத்துக்குப் பிறகு பேசுகிற பேச்சு, தெற்கே வடக்கே என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை இல்லை. இருந்தாலும் கம்பம் சரியாக நின்ற பிறகும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை.

அக்கா வழக்கம்போல வேலைக்குப் போனாள். ஊர் அவளைக் கொஞ்சம் பயந்து, நிறைய மதித்துப் பார்த்தது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், மகளை நினைத்து அவளுக்குக் கலக்கம் இருந்தது. கோட்டுக்காகக் கத்திய மனிதரே கோட்டைத் தாண்டினார் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்தால் குழந்தை என்ன செய்வாள் என்று என்னிடம் ஒரு தடவை கேட்டாள். பிள்ளைகள் இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள் என்று சொல்லிவைத்தேன். எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை.

எட்டாவது நாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்ட நேரம். கொட்டகையில் இரண்டு படகு இறங்கி எடை நடந்துகொண்டிருந்தது. நானும் மச்சானும் புதுக் கதவை மாட்டிக்கொண்டிருந்தோம், அதாவது நான் மாட்டிக்கொண்டிருந்தேன், அவர் கதவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் பள்ளிப்பையோடு ஓடி வந்தாள். பின்னாலேயே அவளுடைய டீச்சர். டீச்சரைப் பார்த்ததும் அக்காவின் கை எடைக்கல்லிலேயே நின்றது.

டீச்சர் சிரித்துக்கொண்டே புகார் சொன்னார். உங்கள் பெண் ஒரு வாரமாக வகுப்பு வகுப்பாகப் போய் ஒரே செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பாடம் நடத்த முடியவில்லை என்று. என்ன செய்தி என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். டீச்சர் சொல்வதற்குள் மகளே சொல்லிவிட்டாள், கொட்டகை முழுக்கக் கேட்கும்படி, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி.

"எங்கப்பாவுக்கு ஆறு மாசம் தண்டனை. எங்கயும் போகக்கூடாது, வீட்லதான் இருக்கணும்னு!"

யாரும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பத்து வயது. வாசலில் நின்றவரை அங்கிள் என்று சொன்னது அவளுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, அங்கே நின்ற எல்லோருக்கும் நினைவிருந்தது. அவள் தராசின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அம்மாவின் முகத்துக்கு அருகே போனாள். இந்தத் தடவை ரகசியமாகக் கேட்பதாக அவளுக்கு நினைப்பு.

"அம்மா, நீ சொன்னா எல்லாரும் கேப்பாங்கல்ல? இதை ஒரு வருஷமாக்கச் சொல்றியா?"

மச்சான் கதவை அப்படியே என் காலில் விட்டுவிட்டார். நான் கத்தவில்லை. ஊர் முன்னால் சொந்தப் புருஷனின் மீனை எடை போட மறுத்தபோது கண் கலங்காதவள், எடைக்கல்லைக் கீழே வைத்துவிட்டு, தராசைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.